மேடை ஏறாத நட்பு

ஒரு நாடு இன்னொரு நாட்டோடு நட்பாக எத்தனை நாற்காலி வேண்டும் என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். தலைநகரில் இருந்த வெளிநாட்டு இலாகாவுக்கு வரவில்லை. முந்நூறு என்று எழுதி அனுப்பிவிட்டது. முந்நூறு நாற்காலி, நான்கு சொற்பொழிவு, துண்டுப் பிரசுரம் இரண்டு கட்டு, கொடி பிடித்துக் கையாட்ட ஜனங்கள். இவ்வளவும் நடந்துவிட்டால், பனி பெய்யும் தேசத்திலிருந்து வரும் தூதருக்கு மலாயாவின் மேல் நல்லெண்ணம் பிறந்துவிட்டதாக அர்த்தம். விடுதலைக்குப் பிறகு இரண்டாவது பொங்கல் வரப்போகிற நேரம் அது. உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் சிநேகம் பிடித்துவிட வேண்டுமென்று புது அரசாங்கத்துக்குப் புது மாப்பிள்ளையின் அவசரம்.

மலாக்காவில் இந்த வேலை சேதுபதியின் தலையில் விழுந்தது. அவன் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வீடு புக்கிட் பாருவில். சிங்கப்பூருக்கு அப்பால் காலடி வைத்ததில்லை. ஆனால் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ராத்திரிச் சோற்றை மறக்கிற ஆசாமி. தலைநகரிலிருந்து மேற்பார்வைக்கு வந்த பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர், கஞ்சி போட்ட சட்டையும் அதே விறைப்பில் முகமும் உள்ளவர், அவனிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அந்தப் பனி தேசத்தில் நமது தூதரகம் திறக்கப் போகிறார்கள், அதற்கு ஒரு கிராணி வேண்டும், வரவேற்பு சரியாக நடந்தால் அவன் பெயரைச் சிபாரிசு செய்வேன் என்று. அன்று முதல் சேதுபதிக்குக் கால் தரையில் படவில்லை. அவன் மனைவி கமலவேணி ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஒவ்வொரு துணிக்கடையாக ஏறிக் குளிருக்கு ஏற்ற சேலை கேட்டாள். கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வரவேற்புக்கு காஜா பெராங்கில் இருந்த செட்டி கம்பத்தை, அதாவது செட்டிகளின் கிராமத்தை, தேர்ந்தெடுத்தார்கள். செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்த தமிழர்களின் வாரிசுகள். இந்த மண்ணுப் பெண்களைக் கட்டி இங்கேயே வேர்விட்டவர்கள். கும்பிடுகிற சாமி மாரியம்மன், உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். நாள் தோதானதா என்று பொன்னுதுரை கேட்டபோது சேதுபதி கொஞ்சமும் யோசிக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் போகி, குப்பை கொளுத்துவதைத் தவிர யாருக்கும் வேலை கிடையாது என்று அடித்துச் சொன்னான். அவர்களும் தமிழர் வழி, தானும் தமிழன், இதில் போய்க் கேட்க என்ன இருக்கிறது? கம்பத்தில் எல்லாரும் பேச்சுக்குக் கட்டுப்படுகிற பாக்கியத்துக்கு ஆள் விட்டு, மத்தியானம் ஜனங்களைத் திடலுக்கு அழைத்து வரச் சொன்னான். அந்த அம்மாள், வர முடிந்தால் வருகிறோம் என்றாள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அங்கே வழக்கமில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நம் ஆள் கொடி தைக்கக் கொடுக்கப் போய்விட்டான்.

அந்த நாள் வந்தது, தூதரின் காரும் வந்தது. திடலில் முந்நூறு நாற்காலியும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. உட்கார்ந்திருந்தது ஒரு பூனை. பொன்னுதுரை சேதுபதியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சேதுபதி வேர்க்க விறுவிறுக்கக் கம்பத்துக்குள் ஓடினான். பனி, தூதரகம், உலகப் படம் எல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

பாக்கியத்தின் வீட்டு வாசலில் பாய் விரித்துப் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனையும், தேங்காய்ப்பால் சோறும் கோழிக்கறியும் மிளகாய் அரைத்த சம்பாலும் கலந்த மணமும் வந்தன. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் பாக்கியம் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு காதோடு காதாக மலாயில் விளக்கினாள். இன்றைக்குச் செத்துப்போன பெரியவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற நாள். அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்துத் திரையை இழுத்துவிட்டாயிற்று. அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, வாசலை விட்டுப் போகவும் கூடாது. இதற்குப் பெயர் பார்ச்சு. அங்கே போகி என்றால் இதுதான்.

சேதுபதி விடவில்லை. அரை மணி நேரம் திடலுக்கு வந்துவிட்டுத் திரும்பிவிடலாமே என்று கெஞ்சிப் பார்த்தான். பாக்கியம் கோபப்படவில்லை.

“நீ உன் விருந்தாளியைக் கூப்பிட்டே. நாங்க எங்க விருந்தாளியைக் கூப்பிட்டிருக்கோம். அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எழுந்து போனா நல்லாவா இருக்கும்?” என்று அவள் மலாயில் கேட்டாள். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, “மாரி, டூடோக் டூலு” என்றாள். வா, முதலில் உட்கார் என்று அர்த்தம். உன் விருந்தாளிகளையும் கூட்டி வா என்று கையைக் காட்டினாள்.

வேறு வழியில்லை. திரும்பி ஓடி, தூதரிடமும் அவர் மனைவியிடமும் உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னான். பொன்னுதுரைக்கு முகம் கறுத்தது. ஆனால் தூதரின் மனைவிக்குக் காதில் விழுந்தது வேறு. தங்கள் ஊரிலும் வருஷத்தில் ஒரு நாள் செத்தவர்களுக்காக மேசையில் ஒரு தட்டு வைப்பது உண்டு, தன் அம்மா போனதற்குப் பிறகு ஊர் ஊராக மாற்றலானதில் தனக்கு அது விட்டே போய்விட்டது என்றாள். யாரும் வழிகாட்டுமுன் அவளே நடக்கத் தொடங்கினாள்.

அப்புறம் நடந்ததை எந்த இலாகாவும் திட்டம் போட்டிருக்க முடியாது. தூதர் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாயில் சப்பணம் போட்டார். பொன்னுதுரையின் கால்சட்டை மடங்க மறுத்ததால், பிரிக்காத பிரசுரக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவருக்கு ஆசனமாகப் போட்டார்கள். நான்கு சொற்பொழிவில் ஒன்றுகூட இல்லை. பேசினால்தான் உள்ளே சாப்பிடுகிறவர்கள் எழுந்து போய்விடுவார்களே. தூதரின் மனைவி பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அழுக்குப் படாத வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது. பாக்கியம் எதுவும் கேட்காமல் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேலை போனால் போகிறது என்று அந்த நிமிஷத்தில் சேதுபதிக்கு மெய்யாகவே தோன்றியது.

திரை விலகியதும் கம்பத்துக்கே வாய் வந்துவிட்டது. சோறு வந்தது, சிரிப்பு வந்தது, சம்பாலைத் தெரியாமல் அள்ளிப் போட்டுக்கொண்ட தூதருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. ஒருவர் வயலினை எடுக்க, பெண்கள் எதிரும் புதிருமாகப் பாட்டுக் கட்டித் தூதரைக் கேலி செய்தார்கள். சேதுபதி அதை மொழிபெயர்த்தான், கேலியில் பாதியை விழுங்கிக்கொண்டு. தனக்கும் ஊரிலிருந்து பட்டியல் வந்திருக்கிறது, ரப்பர் பற்றிப் பேச வேண்டும், வெள்ளீயம் பற்றிப் பேச வேண்டும் என்று, அதில் ஒன்றையும் செய்யவில்லை என்று தூதர் விரலை நக்கிக்கொண்டே சொன்னார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து தன்னிடம் யாரும் சொற்பொழிவு ஆற்றாத முதல் விருந்து இதுதானாம். புறப்படும்போது அடுத்த வருஷமும் இதே நாளில் வரலாமா என்று பாக்கியத்திடம் அனுமதி கேட்டார்.

கார் போன பிறகு திடலில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். பொன்னுதுரையின் சட்டையில் மஞ்சள் கறை, மூன்றாம் தடவை கேட்டு வாங்கிய கோழிக்குழம்பின் கறை. ஆனாலும் முகத்தை விறைப்பாக்கிக்கொண்டு, சொன்னதில் ஒன்றுமே நடக்கவில்லையே, மேலிடத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார்.

சேதுபதி சமாளிக்கப் பார்க்கவில்லை. “யாருக்கு என்ன வேணும்னு நாம கேக்கலை சார். நீங்க கோலாலம்பூர்ல உட்கார்ந்து கேக்கலை. நான் புக்கிட் பாருல உட்கார்ந்து கேக்கலை. சைக்கிள்ல வர்ற தூரம். எனக்கு இவங்களையே தெரியலை” என்றான்.

பொன்னுதுரை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: “அந்த நாட்டுக்குப் போனீர் எண்டால், முதல்ல என்ன செய்வீர்?”

“பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எப்ப வந்தா தோதுப்படும்னு கேப்பேன் சார்.”

“அப்ப பெட்டியைக் கட்டும்” என்றார் பொன்னுதுரை.