எவ்வளவு ஞாபகம் இருக்கு?

என் வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்காக அகராதி தயாரிக்கிற ஓர் அலுவலகத்தில் நான் சொற்களுக்கு ஜோடி பார்க்கிறேன். ஒரு பக்கம் பிலீவ், ரிமெம்பர், ஹோப், சஸ்பெக்ட் என்று வினைச்சொற்கள். இன்னொரு பக்கம் அவற்றுக்கு முன்னால் வந்து உட்காரத் துடிக்கிற ஃபர்ம்லி, கிளியர்லி, சின்சியர்லி வகையறா. இரண்டும் சேர்ந்த பிறகு வாலாக ஒரு 'தட்'. அதற்கப்புறம்தான் ஆள் சொல்ல வந்த விஷயமே வரும். ஊரார் எழுதிய வாக்கியங்களை மூட்டை மூட்டையாகப் படித்து, எது எதோடு குடித்தனம் நடத்துகிறது, எது எதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று நான் குறித்துக்கொடுக்க வேண்டும்.

நம்புவதற்கு ஃபர்ம்லி. ஞாபகத்துக்கு அது ஒத்துவராது. கிளியர்லி வேண்டும், டிஸ்டிங்க்ட்லி வேண்டும், மங்கலாக இருந்தால் வேக்லி. நம்பிக்கை ஏன் கெட்டியாக இருக்க வேண்டும், ஞாபகம் ஏன் தெளிவாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னை வருஷக்கணக்காகக் குடைந்துகொண்டிருந்தது. ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது எனக்கே ஒரு பதில் கிடைத்தது. நம்பிக்கை கையால் பிடித்துக்கொள்கிற சமாச்சாரம், ஞாபகம் கண்ணால் பார்க்கிற சமாச்சாரம். மறுநாள் பக்கத்து மேஜைக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். "இதுதானே சார் வேலை?" என்றேன். அவர் திரும்பிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வீட்டுக்கு வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. டீயைக் கொடுத்தேன். கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். அவன் பார்த்துக்கொள்கிற ஒரு குடியிருப்பில், கதவு திறந்த பிறகு லிஃப்ட் நிற்காமல் கொஞ்சம் கீழே நழுவிவிட்டது. வெளியே கால் வைத்த ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிரேக் நட்டு தளர்ந்திருக்கிறது. முந்தின வாரம்தான் தம்பி அங்கே சர்வீஸ் செய்திருந்தான். அவன் இறுக்கிய நட்டு பிறகு தளர்ந்ததா, இல்லை அவன் இறுக்கவே இல்லையா என்று கம்பெனி கேட்கிறது. ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். இறுக்கவில்லை என்றால் வேலை காலி.

"நீதான்க்கா எழுதித் தரணும். நட்டை இறுக்கினேன்னு கெட்டியா ஒரு வரி போதும்."

"இறுக்கினியா?"

"என்ன கேள்வி இது? இறுக்காம விடுவேனா?"

லேப்டாப்பைத் திறந்து 'ஐ' என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"கிளியர்லி ரிமெம்பர்னு போடவா, ஃபர்ம்லி பிலீவ்னு போடவா?"

"எது பெருசோ அதைப் போடு."

"பெருசு சின்னது இல்லடா. இறுக்கினது உன் கண்ணுக்குள்ள தெரியுதா, இல்ல இறுக்கியிருப்பேன்னு நம்புறியா?"

"அந்த ஆபீஸ்ல உட்கார்ந்து உட்கார்ந்து நீ மனுஷனை உண்டு இல்லைன்னு பண்ணிடுற." அலுத்துக்கொண்டான். ஆனாலும் கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "தெரியுதுக்கா. நல்லாவே தெரியுது. மொட்டை மாடி மோட்டார் ரூம். டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஸ்பேனரைத் திருப்புறேன். டார்ச்சோட ரப்பர் நாக்குல கசக்குது."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாக்கில் கசப்பு வரைக்கும் ஞாபகம் இருக்கிறவனுக்கு கிளியர்லி எந்த மூலைக்கு? டிஸ்டிங்க்ட்லி ரிமெம்பர் தட் என்று அடித்தேன். அடித்துக்கொண்டே, சத்தியமாக வாய் சும்மா இருக்காமல்தான், கேட்டேன்.

"டார்ச்சை ஏன்டா கடிச்சுக்கிட்டிருந்த? அங்க லைட் இல்லையா?"

"லைட்டா..." என்றவன் கண்ணைத் திறந்தான். "அங்க லைட் இருக்கு. ஜன்னல்கூட பெருசா இருக்கும்."

"அப்ப டார்ச்?"

"அது துணிக்கடைக் கட்டடம். அங்கதான் இருட்டு. அது போன மாசம்."

என் வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. படித்து முடித்ததிலிருந்து அவனுக்கு இந்த ஒரு வேலைதான். அதிலும் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வருவதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

"விடுடா," என்றேன். "ஃபர்ம்லி பிலீவ்னு போட்டுடலாம். நீ இறுக்கியிருப்பேன்னு நம்பத்தானே செய்ற? அது பொய் இல்ல. யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"ஆமா. அதையே போடு."

போட்டேன். அகராதியில் உதாரணமாக அச்சடிக்கலாம், அவ்வளவு லட்சணமான வாக்கியம். படித்துக் காட்டினேன். அவன் டீக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"இதைப் படிக்கிறவங்களுக்கு என்னக்கா புரியும்?"

"நீ இறுக்கினேன்னு புரியும்."

"எனக்கே அது தெரியாதேக்கா."

அவனே தொடர்ந்தான். "அன்னிக்கு எண்ணெய் விட்டேன், அது ஞாபகம் இருக்கு. அப்ப போன் வந்துச்சு. வேற கட்டடத்துல யாரோ லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு. அடுத்தது, பையைத் தூக்கிக்கிட்டுப் படியில ஓடுறேன். நடுவுல என்ன செஞ்சேன்னு தேடித் தேடிப் பாக்குறேன், ஒண்ணுமே இல்ல."

"லிஃப்ட்காரன் படியில ஓடினியா?" எனக்கு அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது.

"நிக்கப் பொறுமை இல்ல. அப்பத்தான் ஆன் பண்ணியிருக்கணும், ரெண்டும் கீழ போயிருந்துச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன்.

"ரெண்டுமா?"

"அங்க ரெண்டு லிஃப்ட்க்கா. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் அன்னிக்கு சர்வீஸ்." குரல் இறங்கிவிட்டது. "நழுவினதை மட்டும்தான் நிறுத்தி வச்சிருக்காங்க. இன்னொண்ணு ஓடிக்கிட்டிருக்கு."

அதற்குள் போனை எடுத்துவிட்டான். மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். அந்தக் குடியிருப்பின் மேற்பார்வையாளர் எடுத்தார். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"சார், ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்டை நிறுத்துங்க. உள்ள ஆள் இல்லைன்னு பார்த்துட்டு உடனே நிறுத்துங்க. நான் கிளம்பி வர்றேன்."

"என்ன தம்பி விளையாடுறீங்களா? ஒண்ணு ஏற்கெனவே படுத்துடுச்சு. இதையும் நிறுத்தினா வயசானவங்க எல்லாம் எப்படி மேல போவாங்க? ஜனங்க என்னைக் கிழிச்சுடுவாங்க. அதுல பிரேக் சரியில்லைன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

தம்பி என்னைப் பார்த்தான். உறுதிக்கு மட்டும் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு டஜன் சொல் இருக்கிறது. ஒன்றுகூட இதற்கு உதவாது.

"தெரியாது சார்," என்றான் தம்பி. "நட்டை இறுக்கினேனா இல்லையான்னு எனக்கே தெரியல. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

டிவி சத்தம் நின்றது. "இதை உங்க கம்பெனிகிட்டயும் சொல்வீங்களா?"

"நாளைக்கு எழுதியே கொடுத்துடுறேன்."

"சரி. இருங்க." செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. யாரையோ இறங்கச் சொல்கிற குரல் கேட்டது. ஒரு குழந்தை மாட்டேன் என்று அடம்பிடித்தது. பிறகு அவர் திரும்பி வந்து, "நிறுத்திட்டேன்," என்றார்.

தம்பி போனை அணைத்துவிட்டு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான். நான் அந்த லட்சணமான வாக்கியத்தை அழித்தேன்.

"வேலை போயிடும்லக்கா?"

போகாது என்று சொல்லத்தான் ஆசை. "போயிடும்னுதான்டா தோணுது," என்றேன்.

அவன் தலையாட்டினான். எழுந்து பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டினான். வாசல்வரை போனவனை என்னால் கேட்காமல் விட முடியவில்லை.

"போய்ப் பார்த்தா நட்டு நல்லா இறுக்கமா இருந்தா என்னடா பண்ணுவ?"

"அந்தக் கட்டடமே என்னைத் திட்டும்," என்றான். "வயிறாரத் திட்டட்டும்க்கா."