வாசலில் நின்ற ஐந்நூற்று முப்பது குதிரை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு வண்டி எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை முன்னால் போகிற மாடுதான் முடிவு செய்யும். மாடு நின்றால் ஊரே நிற்கும். அந்த ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கிற வேல்முருகன், ஐந்நூற்று முப்பது குதிரை சக்தியுள்ள ஒரு ஜெர்மன் வண்டி வாங்கியிருந்தான். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் பறக்குமாம். செவிலிமேட்டு வீட்டிலிருந்து கடைக்கு மூன்றரை கிலோமீட்டர், நடுவில் பதினோரு வேகத்தடை. மலை ஏறும், மணலில் ஓடும், தொடை மட்டத் தண்ணீரிலும் போகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். பாலாற்றில் தண்ணீர் வருகிற வருஷம் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கினதில் பாதி சந்தோஷத்தைப் பக்கத்துக் கடை ஜரிகை வியாபாரி சனாவுல்லா கெடுத்துவிட்டார். இரண்டே மாதத்தில் அவரும் ஒன்று வாங்கினார். அது இங்கிலாந்து வண்டி, ஐந்நூற்றுப் பத்து குதிரை.

"இருபது குதிரை கம்மி பாய்," என்றான் வேல்முருகன், அனுதாபப்படுகிறவன் மாதிரி.

"குதிரை கம்மிதான்பா. ஆனா எல்லாம் நல்ல ஜாதிக் குதிரை," என்றார் சனாவுல்லா.

அன்று முதல் இரண்டு பேருக்கும் தினம் காலையில் இதே வேலை. யார் சீட்டு முதுகைப் பிடித்துவிடும், யார் வண்டி உறுமினால் எந்த வீட்டுக் குழந்தை அழும் என்று கணக்குப் பார்ப்பார்கள். இரண்டு வண்டியும் சேர்ந்து ஆயிரத்து நாற்பது குதிரை. ரோட்டு நெரிசலில் ரங்கசாமி குளம் முக்கைத் தாண்ட இருபது நிமிஷம்.

ஆனால் வேல்முருகனுக்கு ஒரு குறை இருந்தது. காந்தி ரோட்டுப் புடவைக்கடை முதலாளிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, மீறவும் இல்லை. சொந்த வண்டி கடை வாசலில் நிற்கக் கூடாது. புடவை விற்கிறவன் பார்க்கப் பரிதாபமாக இருக்க வேண்டும். காலர் நைந்த சட்டை, தேய்ந்த ரப்பர் செருப்பு, வாசலில் ஒரு பழைய மொபெட். அப்போதுதான் "அசலுக்கே குடுக்கிறேம்மா" என்று சொல்லும்போது வாங்குகிறவர்களுக்கு மனசு இளகும். வேல்முருகனிடம் கடைக்கென்றே மூன்று நைந்த சட்டைகள் இருந்தன. வண்டி மட்டும் பின்சந்தில், ஒரு பழைய புளிக்கிடங்கில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

சனாவுல்லாவுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. அவர் சரக்கு கடைக்காரர்களுக்குத்தான் போகும். அவர்கள் முன்னால் ஏழை வேஷம் போட்டால் 'பாய்க்கு வியாபாரம் படுத்துடுச்சு' என்று ஊர் பேசும். அதனால் அவர் தன் வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்தினார். கோயிலுக்கு வந்தவர்கள் சாமியைப் பார்த்துவிட்டு இதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சாய்ந்து நின்று போட்டோவும் எடுத்தார்கள்.

பத்தொன்பது நாள் பொறுத்தான் வேல்முருகன். இருபதாம் நாள் காலையில் தார்ப்பாயை உருவி, ஒன்பது முறை முன்னும் பின்னும் நகர்த்தி, வண்டியைச் சந்திலிருந்து வெளியே எடுத்தான். சனாவுல்லாவின் வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினான். ஒரே ஒரு மணி நேரம், யார் வண்டிக்குக் கூட்டம் சேருகிறது பார்க்கலாம் என்று நினைப்பு.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் திண்டிவனத்திலிருந்து காந்தா அம்மாள் வந்து இறங்கினாள்.

காந்தா அம்மாளுக்கு மூன்று அரிசி ஆலை, மூன்று பெண்கள், ஒரு பையன். மூத்தவள் தேவிப்ரியாவுக்குத் தை மாதம் கல்யாணம். உறவு முறைக்கெல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு புடவை. இந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது பிடித்துப்போனால் அடுத்த இரண்டு பெண்ணுக்கும் இதே கடைதான். அந்தக் குடும்பம் இருபது வருஷமாக எதிர்க்கடை பெரியநாயகியிடம்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களை இந்தப் பக்கம் இழுக்க வேல்முருகன் ஒரு வருஷம் போனில் குழைந்திருந்தான், இரண்டு முறை திண்டிவனத்துக்கே போய் மாம்பழக் கூடை கொடுத்திருந்தான். இது கைவிட்டுப் போனால் அவன் பட்ட பாடெல்லாம் வீண்.

வேனிலிருந்து பதினோரு பெண்கள் இறங்கினார்கள். பதினாலு வருஷமாகக் கடையில் இருக்கும் வடிவு புடவைகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தாள். வேல்முருகன் நைந்த சட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"பட்டு விலை எங்கியோ போயிடுச்சும்மா. ஏதோ கடைய தொறந்து வச்சிக்கினு இருக்கிறோம், அவ்ளோதான்."

காந்தா அம்மாள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். அவளும் அரிசி விற்கும்போது இப்படித்தான் பேசுவாள்.

தேவிப்ரியா மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டரைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். முப்பத்தெட்டு புடவை ஒதுக்கியாகிவிட்டது. அப்போது வாசலில் நின்று சலித்துப்போயிருந்த பையன் லோகேஷ் போனோடு உள்ளே வந்தான்.

"அம்மா, வெளில ரெண்டு வண்டி நிக்குது பாத்தியா? அந்தக் கறுப்பு ஒண்ணே முக்கால் கோடியாம்!"

காந்தா அம்மாளின் கை புடவை மேலேயே நின்றது. "யாருது தம்பி அது?"

கறுப்புதான் வேல்முருகனுடையது. அவன் ஒரு நொடிதான் யோசித்தான். "யாரோ கஸ்டமர்துமா. கோயிலுக்குப் போயிருக்கறாங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து சனாவுல்லா உள்ளே வந்தார். "வேலு, அந்தக் கறுப்பைக் கொஞ்சம் நகத்துப்பா, என் வண்டிய எடுக்கணும்."

"அது யாருதோ தெரியல பாய்," என்றான் வேல்முருகன். கண்ணாலேயே கெஞ்சினான்.

சனாவுல்லா அவனைப் பார்த்தார், பதினோரு பெண்களைப் பார்த்தார், பிரித்துக் கிடந்த புடவைகளைப் பார்த்தார். முப்பது வருஷ வியாபாரி. எல்லாம் புரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்து இல்லியா? நல்லதாப் போச்சு. யார் அந்த ஏமாளி?"

லோகேஷ் திரும்பினான். "ஏன் பாய், நல்லா இல்லியா? நான் அதைத்தான் வாங்கலாம்னு இருக்கேன்."

"அரே, வேணாம்பா! பாக்கறதுக்குத்தான் பெரிசு. உள்ள உக்காந்தா முட்டி இடிக்கும். வேலு, நீயே சொல்லு, இடிக்குமா இடிக்காதா?"

வேல்முருகன் ஒரு புடவையை எடுத்து உதறி மடித்தான். "இடிக்கும்னு சொல்லிக்கிறாங்க."

"சத்தம் வேற. கிரைண்டர்ல கல்லு மாட்டின மாதிரி."

"ஆமா," என்றான் வேல்முருகன். உறுமலுக்காகவே தனியாக வாங்கிப் பொருத்திய சைலன்ஸர் அது.

வடிவு புடவையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். வியாபாரம் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. சனாவுல்லா ஒவ்வொன்றாக வண்டியை உரிக்க உரிக்க, காந்தா அம்மாளும் ஒவ்வொன்றாகப் புடவையை ஒதுக்கிக்கொண்டே வந்தாள். கலர் சாவு வண்டிக் கறுப்பு என்றார், நாலு புடவை போனது. வண்டிக்கு அந்த முகத்தை வைத்தவன் எருமையைப் பார்த்து வரைந்திருப்பான் என்றார், ஆறு போனது. வேல்முருகன் ஆமாம் போட்டான். கழுத்தில் நரம்பு மட்டும் புடைத்தது.

ஐம்பத்தொன்பது. இன்னும் மூன்றுதான். காந்தா அம்மாள் பணம் எடுக்கப் பையைத் திறந்து கையை உள்ளே விட்டுவிட்டாள்.

"எல்லாம் இருக்கட்டும் பாய்," என்றான் லோகேஷ். "வேகமாவது இருக்குமில்ல? நூறு தொட நாலு செகண்டுன்னு போட்டிருக்கான்."

சனாவுல்லா சிரித்தார். "போடுவான்பா. பேப்பர்ல என்ன வேணா போடலாம். ஏழு ஆவும். இறக்கத்துல விட்டா ஆறு. என் வண்டி கிட்டகூட வராது."

"நாலு புள்ளி மூணு!"

கத்தியது வேல்முருகன். சம்மணத்தைக் கலைத்து எழுந்தே நின்றுவிட்டான்.

"நாலு புள்ளி மூணு பாய்! போன மாசம் பைபாஸ்ல நானே போட்டுப் பாத்தேன். வீடியோ இருக்குது! ஏழாம் ஏழு! உன் டப்பாவ தள்ளிவிட்டாலும் என் வண்டிக்கு முன்னால வருமா?"

சொல்லிவிட்டு, எடுத்துக்காட்ட போனையும் எடுத்துவிட்டான். அப்புறம்தான் கடை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது.

காந்தா அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. பையை மூடினாள். அவனுடைய சட்டைக் காலரை ஒரு முறை பார்த்தாள்.

"நல்ல வண்டி தம்பி," என்றாள். "சட்டைதான் கொஞ்சம் பழசா இருக்குது." தேவிப்ரியாவின் தோளிலிருந்து மாம்பழ மஞ்சளை எடுத்து வடிவிடம் கொடுத்தாள். "எழுந்திரிங்கடி."

பதினோரு பேரும் எழுந்தார்கள். வேல்முருகன் வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினான்.

"அம்மா, பத்து பர்சென்ட் குறைச்சுக்கறேம்மா! அம்மா, பதினஞ்சு! முகூர்த்தப் புடவை என் கணக்கும்மா, சும்மா எடுத்துக்கோங்கம்மா!"

குறைக்கக் குறைக்க, இவ்வளவு குறைக்க இதில் இடம் இருந்திருக்கிறதா என்று அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ரோட்டின் நடுவில் ஒரு மாடு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு பெரியநாயகி கடைக்குள் போய்விட்டார்கள். பெரியநாயகி கறை படிந்த நூல் புடவையில் எழுந்து வந்து, இருபது வருஷப் பழக்கத்தோடு, "வாங்கம்மா, ஏதோ கடைய தொறந்து வச்சிருக்கோம்," என்றாள்.

உள்ளே வடிவு ஐம்பத்தொன்பது புடவைகளையும் மடிக்க ஆரம்பித்தாள். வாசலில் சனாவுல்லா அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ்ளோ தூரம் போவும்னு நான் நினைக்கலபா," என்றார். கொஞ்சம் வருத்தப்பட்டார் போலத்தான் இருந்தது. பிறகு தாங்க முடியாமல், "நாலு புள்ளி மூணா? என்து நாலு ஒண்ணு."

"பொய் சொல்லாத பாய்."

"டயர் பாத்தியா என்து? அகலம் பாத்தியா? அதான் பிடிச்சிக்குது."

வேல்முருகன் நைந்த சட்டையோடு ரோட்டோரத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். கையை விரித்துச் சனாவுல்லாவின் டயரைச் சாண் போட்டு அளந்தான். எதிர்க்கடையில் பதினோரு பெண்களும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அங்கே விலை படிந்துகொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தலையைத் தூக்கவில்லை.

"ஒரு சாண் நாலு விரல்," என்றான். "இப்போ வா பாய், என்துல அளந்து பாரு."