வாசலில் சொன்ன லீவு

இரண்டு நாள் கழித்து ஆபீஸுக்கு வந்தவளை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சொல்லாமல் லீவு எடுத்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"ரெண்டு நாளா ஆளையே காணோம். ஒரு போன் பண்ண முடியாதாம்மா?"

"காய்ச்சல்ல தலையே தூக்க முடியல சார். அப்பாவைத்தான் சொல்லச் சொன்னேன்."

அப்பாவும் சொல்லத்தான் செய்தார். அவர் போகும் கட்டட வேலையில், வராத ஆளின் வீட்டிலிருந்து யாராவது நேரில் போய், எதிர்ப்படுகிறவரிடம் சொன்னால் போதும். மேஸ்திரி காதுக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வந்து வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அப்படி யாரும் வரலையே சார்" என்றார் வாட்ச்மேன், அவள் முகத்தைப் பார்க்காமல். சொல்ல மறந்த பயம் அவருக்கு.

அவள் மன்னிப்புக் கேட்டால் ஒருவேளை தப்பிக்கலாம். ஆனால் அப்பா பொய்யராகிவிடுவார்.

"வந்தாரு சார். வாசல் கேமராவுல பாருங்க."

"வாட்ச்மேன்கிட்ட சொன்னா ஆபீஸுக்குச் சொன்ன மாதிரியா? படிச்ச பொண்ணுதானே நீ?"

"படிச்சது நான் சார். எங்கப்பா இல்ல."

மேனேஜர் கம்ப்யூட்டரில் கேமரா பதிவைத் தேடினார். திரையில் அப்பா வந்து ஏதோ சொன்னார், அதற்கு வாட்ச்மேன் தலையாட்டுவதும் தெரிந்தது.

"உனக்கு மெமோவோட போச்சு, போய் வேலையைப் பாரு" என்றவர், வாட்ச்மேனிடம் திரும்பினார். "நீங்க இருங்க."

வேலை தப்பித்தது. வெளியே வந்ததும் அவள் அப்பாவிடம் கொடுக்க ஆபீஸ் நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.