குடிநீரில் குளித்தவர்

போர்க்கால ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மூன்றாம் கவுன்ட்டரில் என் மாமனார் விண்ணப்பக் கோப்பை நீட்டினார். உள்ளே இருந்த எழுத்தர் அம்மாள் அதைப் பிரிக்கவே இல்லை.

"போன தடவையே சொன்னேனே தாத்தா. ராணுவத்துல இருந்ததுக்கு அத்தாட்சி இருக்கு. சண்டை நடந்த எடத்துல இருந்ததுக்கு இல்ல."

"குண்டு விழுற ரோட்டுல தண்ணி லாரி ஓட்டினவன்மா நான். முதுகுல தழும்பு இருக்கு, பாக்குறியா?"

"முதுகை ஃபைல்ல கோக்க முடியாது தாத்தா."

வரிசையில் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். அவருடைய படைப்பிரிவின் பதிவேடுகள் ஒரு தீ விபத்தில் எரிந்துபோயிருந்தன. சாட்சி சொல்லக் கூட இருந்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை.

என் மனைவி இறந்து ஒரு வருடம். மகளே இல்லாத வீட்டில் மருமகன் போடும் சோற்றைச் சாப்பிடுவது அவருக்கு உறுத்தியது. ஓய்வூதியம் வந்தால் தன் பங்கைக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து சாப்பிடலாம் என்று கணக்கு. எனக்கு உறுத்தவில்லை. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது. என் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனார்.

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"உங்க தகரப் பெட்டியில. அடியில விரிச்ச பேப்பருக்குக் கீழ."

"உள்ள வைங்க மாப்பிள்ளை. மானம் போயிடும்."

அது ஒரு தண்டனை உத்தரவு. போர்முனை முகாமில், வீரர்களுக்கான குடிநீரில் குளித்த குற்றத்துக்கு ஏழு நாள் காவல்.

"எடமும் தேதியும் இதுலதான் இருக்கு மாமா."

"வீரன் வீரன்னு சொல்லித்தான் அவளை வளர்த்தேன். அவ போன பிறகு நான் பொய்யன்னு சீல் வாங்கணுமா?"

"அவளுக்குத் தெரியும்."

அவர் என் முழங்கையை விட்டார்.

"பன்னெண்டு வயசுலேயே எடுத்துப் படிச்சிட்டாளாம். கல்யாணமான மறுவாரம் பஸ்ல எங்கிட்ட சொன்னா. சிரிச்ச சிரிப்புல ரெண்டு ஸ்டாப் தாண்டிட்டோம்."

"என்னன்னு சொன்னா?"

"'சண்டைக்குப் போயும் சுத்தபத்தமா இருந்தது எங்கப்பா ஒருத்தர்தான்'னு."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கழுதை," என்றார். பிறகு தாளைப் பிடுங்கிக்கொண்டு, வரிசையை இடித்துத் தள்ளி, அவரே ஜன்னலுக்குள் நீட்டினார்.

எழுத்தர் அம்மாள் படித்தார். கோப்பால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"குளிக்கப் போயி சேத்தைப் பூசிக்கிட்டீங்களே தாத்தா! ஆறு வாளி தண்ணியா?"

"என்னது?"

"'ஆறு வாளி குடிநீர்'னு போட்டிருக்கு. முகாம் பேரு இருக்கு, தேதி இருக்கு, அதிகாரி கையெழுத்தும் இருக்கு. இது போதும்."

முத்திரை விழுந்தது. மாமனார் அதைக் கவனிக்கவில்லை.

"ஆறா? பச்சைப் பொய்! ரெண்டே வாளிதான்மா. சோப்பு போகலைன்னு மூணாவது கேட்டதுக்குத்தான் பிடிச்சான்!"

"திருத்தணும்னா தனி மனு எழுதணும் தாத்தா."

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"பேனாவைக் குடுங்க மாப்பிள்ளை."