கதவுக்கு ஒரு திரை

“மூடிட்டா போயிடுமா? சொல்லுங்க, மூடிட்டா போயிடுமா?”

“போகாதுதான். ஆனா நீ பாக்க மாட்ட இல்ல? எனக்கு அது போதும்.”

“எனக்குப் போதாது. மறைச்சிட்டா அது எப்ப வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அழைப்பு மணியை அழுத்தப் போன விரலை எடுத்துக்கொண்டேன். நான் திரைச்சீலை தைப்பவன். புது வீட்டுக்குக் குடிவந்த கணவன் மனைவி சண்டை எனக்குப் பழகிப்போனது. பெரும்பாலும் நிறத்துக்காகப் போடுவார்கள். இது நிறச் சண்டையாகத் தெரியவில்லை. சத்தமாக இருமிவிட்டு மணியை அழுத்தினேன்.

கணவர் கதவைத் திறந்தார். முகம் சிரித்தது, காது சிவந்திருந்தது. “வாங்க. ஜன்னலெல்லாம் அப்புறம். முதல்ல மாடியில ஒரு கதவுக்கு ஸ்கிரீன் போடணும்.”

அவருக்குப் பின்னால் போனவன் படிக்கட்டில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். இடது பக்கம் வளைகிற படி, கைப்பிடி முனையில் மரக்குமிழ், மேலே வட்ட ஜன்னல். இந்தப் படியில் நான் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், உட்கார்ந்த இடத்திலேயே.

இந்த இணையப் பக்கத்தில் பழைய பேய்ப்படங்களைப் பற்றி எழுதுகிற உங்களுக்கு எந்தப் படம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வேடிக்கை பார்க்க அவர்கள் வாசலில் கூட்டம் கூடிவிடும். பேயையே காட்டாத பேய்ப்படம் அது. ரத்தம் இல்லை, ஓர் அலறல்கூட இல்லை. மாடி நடையின் கோடியில் சாத்திய கதவு. கேமரா தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கதவுக்கு அடியில் கோடு போட்ட மாதிரி வெளிச்சம் வரும். அதில் இரண்டு கால்கள் நிழலாக நடந்து வந்து நிற்கும். அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரியும் வருஷம் தவறாமல் பார்ப்போம். அந்த இடம் வந்தால் அவள் தைத்துக்கொண்டிருக்கும் துணியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வாள். “ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் எவனோ விளக்கை வெச்சுக்கிட்டு நடக்கிறான்” என்பேன். “அவனுக்கு வேற வேலை இல்லையாமா?” என்பாள். போர்வைக்குள் காலை இழுத்துக்கொள்கிற மாதிரியான பயம். எங்களுக்கு அது பிடிக்கும்.

“சார், இது அந்தப் படத்து வீடு!” என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன்.

எந்தப் படம் என்று கேட்டார், சொன்னேன். மேலே நின்றிருந்த மனைவியைப் பார்த்து, “கேட்டியா? சினிமா எடுத்த வீடாம். எப்பவோ பாத்திருக்க, அது மண்டையில உக்காந்திருக்கு” என்றார்.

“நான் பேய்ப்படமே பாக்கிறதில்ல. உங்களுக்கே தெரியும்.” என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, மத்தியானம் துணி மடிக்க மாடிக்கு வருவேன். அந்தக் கதவுக்கடியில வெளிச்சம் வரும். யாரோ வந்து நிப்பாங்க. கால் தெரியும். இடது கால் மட்டும் லேசா உள்பக்கம் திரும்பியிருக்கும்.”

படத்து நிழலிலும் இடது கால் அப்படித்தான் திரும்பியிருக்கும். அந்த இடது காலைக் கவனித்தவர்கள் நம்மிலேயே நாலைந்து பேர்தான் இருப்பார்கள்.

“நான் பைத்தியமில்லண்ணே. இதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு யாராவது சொன்னா இங்கயே இருந்துடுவேன். இல்லன்னா குழந்தையைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வர மாட்டேன்.”

காரணம்தான் என்னிடம் தயாராக இருந்ததே. கதவுக்கு முன்னால் ஒரு கறுப்புத் தரைக்கல், மூலை உடைந்து காது மடல் மாதிரி இருந்தது. படத்திலும் அதே கல், அதே உடைசல். அதனால் அந்தக் காட்சியை இங்கேதான் எடுத்திருக்க வேண்டும். “இதுக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கும்மா. அங்க ஒருத்தர் விளக்கோட நடந்திருப்பாரு. இப்ப அதே ரூம்ல வெயில் விழுது, மரக்கிளை ஆடுறது கால் மாதிரித் தெரியுது. திறந்து காட்டட்டுமா?”

“நாங்க திறந்ததே இல்ல, பெயிண்ட் அடிச்சு ஒட்டிக்கிச்சு” என்றார் கணவர். அப்புறம் உற்சாகமாகி, “திறங்க திறங்க. அவளும் பாக்கட்டும்” என்றார்.

ஸ்க்ரூடிரைவரால் ஓரங்களைக் கீறினேன். எத்தனை தடவை அடித்த பெயிண்டோ, பட்டை பட்டையாக உரிந்தது. கதவு முனகிக்கொண்டே திறந்தது.

செங்கல். கதவை ஒட்டினாற்போல, நிலையின் மேல்சட்டத்திலிருந்து தரைவரைக்கும் செங்கல். ஊசி நுழைய இடமில்லை.

“படம் எடுத்தப்புறம் அடைச்சிருப்பாங்க” என்றார் கணவர். குரல் முன்போல் இல்லை.

நான் கீழே இறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அறையே கிடையாது. அது வீட்டின் வெளிச்சுவர். ஜன்னல் இல்லை, பால்கனி இருந்த தடயம் இல்லை, பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. அப்போதுதான் படத்தின் முதல் காட்சி நினைவுக்கு வந்தது. கார் வந்து நிற்பது இந்தப் பக்கம்தான். அதிலும் இதே மொட்டைச் சுவர்தான் நிற்கிறது.

திரும்பி வந்தபோது அவள் கதவருகிலேயே இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி” என்றாள். “இந்த மாதிரிப் படத்தை ரசிச்சுப் பாக்கிறவங்க இன்னும் இருப்பாங்கல்ல? அவங்களைக் கேட்டுச் சொல்லுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கேன்.”

அளவெடுத்தேன். “தரையைத் தொடுற மாதிரித் தைங்க. ஒரு இடுக்கு இருக்கக் கூடாது” என்றார் அவர். கேட்டைச் சாத்த வந்த அவள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “நாலு விரல் தூக்கித் தைங்கண்ணே. வந்தா எனக்குத் தெரியணும்.”

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டோம். என் வீட்டுக்காரி இந்தத் தடவை துணியை முகத்துக்கு நேரே தூக்கவில்லை. அந்தக் கால்கள் வந்து நின்று, வெளிச்சம் அணைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கவும் இல்லை.

அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள், தெரிந்தவர்களைத் தெரிந்தவர்கள், யாராக இருந்தாலும் கீழே எழுதுங்கள். எவ்வளவு சப்பையான காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். துணி மேசைமேல் விரித்தபடியே கிடக்கிறது. சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வெட்டுவது என்று இவள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.