இரண்டு பக்கமும் பிளக்

ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிறவர் வீட்டில் மெழுகுவத்தி எரிகிறது என்று தெருவில் கிண்டல். லைன்மேன் மனைவி பால் வாங்கப் போனாலும் சரி, நூல்கண்டு வாங்கப் போனாலும் சரி, "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் தனியா ஒரு ஒயர் இழுத்துக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள். எரிச்சலெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அவள் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். மோட்டார் மெஷின். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் போனால் மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டுக் கொட்டாவி விட வேண்டியதுதான். வீட்டுக்கு ஏதாவது ஒன்று வாங்கியாக வேண்டும் என்று பேச்சு வந்தது. லைன்மேன் இன்வெர்ட்டர் பக்கம். சத்தம் கிடையாது, புகை கிடையாது. அவள் தம்பி ஜெனரேட்டர் பக்கம். அவன் பைக் மெக்கானிக், கயிறு இழுத்தால் உறுமுகிற எதைக் கண்டாலும் அவனுக்குக் காதல் வந்துவிடும். "பேட்டரி ரெண்டு மணி நேரத்துல படுத்துக்கும்க்கா. பெட்ரோல் ஊத்த ஊத்த இது ஓடும்" என்றான். எட்டு மணி நேரத்தை நினைத்து அவள் தம்பி பக்கம் சாய்ந்தாள்.

லைன்மேன் சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். "சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடாம இதை யாரும் தொடக் கூடாது. ஒண்ணு லைன் கரண்ட், இல்ல இது. ரெண்டும் கலக்கவே கூடாது. நானே போட்டுத் தரேன்" என்றார். அந்த 'நானே'யில் ஐந்து வாரம் ஓடிப்போயிற்று. ஊர் வேலைக்குக் கால் தரையில் படாமல் ஓடுகிற மனிதருக்கு வீட்டு வேலை என்றால் மட்டும் எப்போதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். ஜெனரேட்டர் மாடிப்படிக்குக் கீழே சாக்கு மூடிக் கிடந்தது.

பிறகு அந்தப் புயல் காற்று வந்தது. மூன்று நாளாக ஊரே இருட்டு. லைன்மேன் ஒரே ஒரு முறை வந்து, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டு, ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் போய்விட்டார். எந்தப் பக்கம் வேலை என்று கேட்டதற்கு, "எல்லாப் பக்கமும்" என்றார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தம்பி ஒரு ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். அதன் இரண்டு முனையிலும் பிளக் இருந்தது.

"ஒரு முனை ஜெனரேட்டர்ல, இன்னொண்ணு சுவத்துல. அவ்வளவுதான், வீடு பூரா கரண்ட்."

"ஏதோ ஸ்விட்ச் போடணும்னு சொன்னாரேடா."

"மாமா போடுறதுக்குள்ள உன் பேரப்புள்ளைங்க யூனிஃபார்ம் போட ஆரம்பிச்சிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெட்டிய துணி மூட்டையாகக் கிடந்தது, திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சரி என்று தலையாட்டினாள். மெயின் ஸ்விட்ச் என்று ஒன்று வாசல் பக்கம் இருப்பது இரண்டு பேருக்கும் நினைவே வரவில்லை.

கொல்லையில் ஜெனரேட்டர் உறுமியது. சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே விட்டு, அயர்ன் பெட்டிக்கான பிளக் பாயின்ட்டில் தம்பி செருகினான். ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அவள் மெஷினில் உட்கார்ந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு ஊசி ஓடுகிற சத்தம் கேட்டதில் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இரண்டு காலர் தைத்து முடித்தாள்.

அப்போது பக்கத்து வீட்டு டீச்சர் ஜன்னலுக்கு வெளியே நின்று கையை ஆட்டினார்.

"கரண்ட் வந்துடுச்சு! வெளிச்சம் கொஞ்சம் டல்லுதான், ஆனா வந்துடுச்சு!"

"எங்க, உங்க வீட்டுக்கா?"

"ஆமா. வராம பின்ன? உங்க வீட்டுக்காரரே தெருமுனைக் கம்பத்துல ஏறிட்டு இருக்காரு, இப்பத்தான் பார்த்துட்டு வரேன். ஏறி அஞ்சு நிமிஷம் ஆகல, பல்பு எரியுது. என்ன கைராசி!"

அவள் கால் மெஷின் பெடலிலிருந்து தானாக விலகியது. ரெண்டும் கலக்கவே கூடாது என்று அவர் சொன்னதன் அர்த்தம் ஐந்து வாரம் கழித்து இப்போதுதான் மண்டையில் ஏறியது. டீச்சர் வீட்டில் எரிவது லைன் கரண்ட் இல்லை. கொல்லையில் உறுமுகிற கரண்ட். இந்த வீட்டுச் சுவருக்குள் புகுந்து, வாசல் வழியாக வெளியே போய், தெருக் கம்பியில் ஏறி, டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறது. டீச்சர் வீட்டோடு அது நின்றிருக்காது.

"டேய், நிறுத்துடா! நிறுத்து!"

தம்பி கொல்லையில் இருந்தான். அந்தச் சத்தத்தில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அங்கே ஓடி, அவனை உலுக்கிச் சொல்லிப் புரியவைக்க எத்தனை நேரம் ஆகும்? அவள் சமையலறைக்குள் பாய்ந்து பிளக்கைப் பிடித்து இழுத்தாள். அது இறுகிக் கிடந்தது. சுவரில் காலை முட்டுக்கொடுத்து மறுபடியும் இழுத்தாள், பிடுங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த தம்பி முகம் வெளுத்து, "அக்கா, அந்தக் கம்பியைத் தொடாத! கரண்ட் இருக்கு அதுல!" என்று அலறினான். அவள் கையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் பிளக்கின் பித்தளை முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள்.

செருப்பு இல்லை, துப்பட்டா இல்லை. முறிந்து கிடந்த கிளைகளைத் தாண்டி ஓடினாள். எத்தனை நிமிஷம் தைத்தோம் என்று கணக்குப் பார்த்தது மனசு. இரண்டு காலர். ஒரு காலருக்கு எவ்வளவு நேரம்? கடவுளே, ஏன் இரண்டாவதைத் தைத்தேன் என்றுதான் தோன்றியது.

கம்பத்தின் உச்சியில் அவர் இருந்தார். இடுப்பு பெல்ட்டில் சாய்ந்து, தலை தொங்க, அசையாமல் இருந்தார். கீழே அவரோடு வேலை செய்கிற நெட்டையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க!"

தலை மெல்லத் திரும்பியது. அவளைப் பார்த்ததும் அவர் கண்கள் அகன்றன. மடமடவென்று இறங்கினார்.

"என்னடி, ஏன் இப்படி ஓடி வரே? வீட்ல யாருக்கு என்ன?"

அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை, விரல்கள், மணிக்கட்டு. எங்கேயும் எதுவும் இல்லை.

நெட்டையன்தான் கொதித்துக்கொண்டிருந்தான். "எந்தப் பாவியோ வீட்டுக்குள்ள ஜெனரேட்டரை மாட்டி லைன்ல கரண்ட் விட்டிருக்கான் அண்ணி. டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸைப் புடுங்கி என் பையில வச்சிருக்கேன், மேல டெஸ்டர் எரியுது! வீடு வீடா போய்ப் பார்த்து, எவன்னு கண்டுபிடிச்சு அவன் சட்டையைப் புடிக்கலன்னா பாருங்க."

"நம்ம வீடுதாங்க" என்றாள் அவள். நெட்டையனைப் பார்க்காமல், கணவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நான்தான் சரின்னு சொன்னேன்."

லைன்மேன் கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடிப்பார், இல்லை கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் டெஸ்டரைச் சட்டைப்பையில் போடப் பார்த்து இரண்டு தரம் தவறவிட்டார்.

"காலையிலேர்ந்து பன்னெண்டு கம்பம் ஏறிட்டேன்" என்றார். "பன்னெண்டுலயும் டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் கம்பியைத் தொட்டேன். ஒண்ணுலயும் எரியல. தூக்கம் வேற. இந்தக் கம்பத்துக்கு வந்தப்ப, டெஸ்டரைக் கீழயே வச்சுட்டு ஏறப் போனேன். இவன்தான் திட்டிக் கையில குடுத்தான்."

"ஏங்க?" என்றாள். கேட்ட குரல் அவளுடையது போலவே இல்லை.

"நம்ம தெருதானேன்னு நினைச்சேன்" என்றார் அவர்.