சாம்பல் தளபதிக்கு என்ன நிறம்

ஹேசல் வரைந்த படக்கதையில் இருந்தது ஒரே ஒரு வேடிக்கைதான். அதை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்தோறும் இணையத்தில் நாலு கட்டம் வரும். அலமாரியில் நிற்கும் கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள், வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் பேச ஆரம்பிப்பார்கள். துண்டு துண்டாக வாங்கி ஒட்டி நிறுத்தியதோடு சரி, யாரும் அவர்களுக்கு வண்ணம் பூசவில்லை. வெறும் பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறார்கள். "பொறுங்கள் வீரர்களே! வரும் சனிக்கிழமை நமக்கு வண்ணம் உறுதி!" என்று சாம்பல் தளபதி முழங்குவார். அந்தச் சனிக்கிழமை மட்டும் வரவே வராது. இப்படிப் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடும் மேசைப்போர் பைத்தியங்கள் உலகமெங்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவரவர் வீட்டு அலமாரியிலும் அதே லட்சணம்தானே.

அந்த வீட்டுக்காரர் யார் என்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ஞாயிறுதோறும் தேவாலயக் கூடத்தில் மேசை போட்டு ஆடுகிற சங்கத்துக்காரர்களுக்கு மட்டும் தெரியும். டெரிக், பேருந்து ஓட்டுநர். தன் சோம்பேறித்தனம் உலகப் புகழ் பெற்றதில் அவனுக்குப் பெருமைதான். ஆனால் சங்கத்தின் வருடாந்திரப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. மேசையில் இறங்கும் பொம்மை ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறமாவது பூசியிருக்க வேண்டும். அதனால் எல்லோரும் பகடை உருட்டும்போது டெரிக் தேநீர் போட்டுக்கொண்டிருப்பான்.

"இந்த வருஷம் நானும் எறங்குறேன்" என்று ஒரு ஞாயிறு எழுந்து நின்று சொன்னான். "லீவு போட்டுட்டேன். பூசப் போறேன்."

கூடமே கைதட்டியது. ஆடாவிட்டாலும் வாராவாரம் வேடிக்கை பார்க்க வரும் ஹேசலும் தட்டினாள், அரை மனதோடு. தளபதிக்கு வண்ணம் வந்துவிட்டால் படக்கதையில் என்ன மிச்சம்? பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் பிறர் பல்வலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு, தனக்கென்று இருந்தது அந்த நாலு கட்டம்தான்.

டெரிக் அவளிடம்தான் வந்தான். "தளபதிய என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும். சிவப்பு மேலங்கி எடுப்பா இருக்குமா? எனக்கு ரொம்ப நாளா ஆசைம்மா. பட்டாளம் மொத்தமும் சிவப்புல நிக்கணும்."

"இருக்கும், இருக்கும்" என்றாள், வேண்டாவெறுப்பாக.

அந்தச் செவ்வாய் அவள் வரைந்தது இது. வீட்டுக்காரர் தூரிகையோடு வருகிறார். தளபதி நடுங்குகிறார். "எனக்கு வண்ணம் பூசினால் என்னை யாருக்கு அடையாளம் தெரியும்? சாம்பல்தானே நான்!" வாசகர்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். அவள் மனசாட்சி எழுந்து என்னவோ சொல்ல வந்தது. அதட்டி உட்கார வைத்தாள்.

போட்டியன்று டெரிக் பெட்டியைத் திறந்தான். உள்ளே எல்லாம் சாம்பல்.

"என்னப்பா, இந்த வருஷமும் டீதானா?" என்று எதிர்மேசைக்காரன் கத்தினான். ஒரே சிரிப்பு.

போட்டியை நடத்தும் பவுலின் ஒரு சிப்பாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாய மூடுங்க கொஞ்சம். இது பூசியிருக்கு." பூட்ஸ் அடர்ந்த சாம்பல், சட்டை நடுவாந்தரம், முகம் வெளிறிய சாம்பல். "விதியில மூணு நிறம்னுதான் இருக்கு. மூணும் வேற வேற. ஆடட்டும்!"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டினார்கள். ஹேசலின் கைகள் மட்டும் எழவில்லை.

"தளபதி பயந்தாரே, படிச்சேன்" என்றான் டெரிக். "ஊர் உலகத்துக்கே அவரச் சாம்பலாத்தான் தெரியும். என் ஆசைக்காக அவரக் கெடுக்கலாமா, சொல்லு?"

ஆட்டம் தொடங்கியது. புதிதாகப் பூசிய பொம்மைதான் முதலில் சாகும் என்பது இந்த ஆட்டக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. எதிராளி பகடையை உருட்டினான், முதல் சுற்றிலேயே தளபதி காலி. "புதுப் பெயிண்ட்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கூவினார்கள். டெரிக் தளபதியை எடுத்து மேசை ஓரத்தில் படுக்க வைத்தான். ஹேசல் கையிலெடுத்துப் பார்த்தாள். இடுப்பு வாரின் கொக்கிக்குக்கூடத் தனியாக ஒரு சாம்பல். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"டெரிக், அது தளபதியோட பயம் இல்ல. என்னோடது. நீ பூசிட்டா எனக்கு வரைய ஒண்ணும் இருக்காதேன்னுதான் அப்படி எழுதினேன்."

டெரிக் பகடையைக் கீழே வைத்தான். "கொக்கிகூடப் பூசினேன், ஹேசல். ஒவ்வொருத்தனுக்கும். சாம்பல் மேல சாம்பல். எவனப் பூசினேன், எவனப் பூசலைன்னு தெரியாம கண்ணே போச்சு."

"தெரியுது."

"தெரியுதாம்!"

அடுத்த இரண்டு சுற்றும் அவள் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவன் ஆடப்போனதில் அன்று தேநீர் போட ஆளில்லை, ஹேசல்தான் போட்டாள். கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். ஒரு வாய் குடித்தான்.

"கழுநீர் மாதிரி இருக்கு" என்றான். இன்னொரு வாய் குடித்துவிட்டு, "வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு வா. சிவப்பு டப்பா அப்படியே இருக்கு. அத்தன பேருக்கும் நீதான் பூசற."

"ஐயோ, எனக்கு வரையத்தான் தெரியும். தூரிகையத் தொட்டதே இல்லையே!"

"அத அந்தச் சிப்பாய்ங்ககிட்ட சொல்லிக்கோ."

அந்தச் செவ்வாயும் நாலு கட்டம் வந்தது. முதல் கட்டத்தில் தளபதி, "வீரர்களே, வண்ணம் வந்துவிட்டது!" என்கிறார். இரண்டாவதில் ஒரு சிப்பாய், "பூசப்போவது யார், தளபதி?" என்கிறான். மூன்றாவதில், நாக்கைத் துருத்திக்கொண்டு, தூரிகையைத் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு, ஹேசல். இத்தனை வருடத்தில் தன் முகத்தை அவள் வரைந்தது அதுதான் முதல் தடவை. நாலாவது கட்டத்தில் அலமாரி காலி.

கீழே வாசகர் கருத்தில் முதல் ஆளாக டெரிக் எழுதியிருந்தான்: "பயந்து ஓடுன எல்லாரையும் புடிச்சுப் பெட்டியில போட்டுட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துடு."